சாத்திக்கொள்ளாத கதவுகள்

நிறைகூட்டம் கலைந்து, ஆளாளுக்குக் கையில் கட்டியிருந்த வெள்ளைக் கயிற்றை அறுத்துக் கிணற்றில் போட்ட அடுத்த வாரம், கருவேலம்பட்டி மேலத்தெருவில் கதவுகள் சாத்த மாட்டோம் என்றுவிட்டன. தேக்குக் கதவும் மாட்டேன் என்றது, வேப்பங்கதவும் மாட்டேன் என்றது, பிளைவுட் கதவும் மாட்டேன் என்றது, ஆட்டுக்கொட்டகைக்குத் தகரத்தை வளைத்து ஆணியடித்து வைத்திருந்தார்களே, கதவென்று சொல்லவே கூசும், அதுவும் மாட்டேன் என்றது. தள்ளினால் வரும், பாதி தூரம் வீட்டுப் பசு மாதிரி சாதுவாக வரும், நிலைக்கு ஒரு சாண் இருக்கையில் நின்றுகொள்ளும். அதற்கு மேல் மாமனும் மச்சானும் சேர்ந்து முட்டுக்கொடுத்தாலும், கயிறு கட்டி இழுத்தாலும் அசையாது. கையை எடுத்தால் மெதுவாகத் திரும்பிப் போய்ச் சுவரோடு சாய்ந்து, வாங்க, வந்து உக்காருங்க என்பதுபோல வழிவிட்டு நிற்கும்.

இதில் யாரும் பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டார்கள். எரிச்சல் பட்டவர்கள் நேரே என் கடைக்கு வந்தார்கள்.

இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல், நிலை எல்லாம் பேரம் பேசி எடுத்து விற்கிறது என் பிழைப்பு. மேலத்தெருவே கடை வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கொண்டாட்டம். பழசைக் கழற்றிக்கொண்டு வேறு கதவு மாட்டிக் கொடுத்தேன். மாட்டின கதவும் ஒரு சாண் தள்ளி நின்றது. எனக்காகக் கீல் அடித்த குருசாமி ஆசாரியோடு நடுத்தெருவில் சண்டையாகிவிட்டது.

"கீலை ஒழுங்கா அடிச்சியாய்யா நீ?"

"கீலு ஒழுங்காத்தான் இருக்கு மொக்கையண்ணே. கதவுக்குத்தான் மனசு ஒழுங்கா இல்ல."

"கதவுக்கு மனசா? ஏன், பசி, தூக்கமெல்லாம் இல்லையா அதுக்கு?"

அவர் உளியைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அதே கதவைக் கழற்றி வந்து என் வீட்டு நிலையில் பொருத்திப் பார்த்தேன். பட்டென்று சாத்தியது. கீழத்தெருவில் பொருத்திப் பார்த்தேன், அங்கேயும் சாத்தியது. மேலத்தெருவில்தான், அதுவும் நிறைகூட்டத்து வீடுகளில்தான், கதவென்று ஒன்று போனால் திறந்தே நின்றது.

நிறைகூட்டம் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மாந்தோப்பில் கொட்டகை போட்டு ஐயா என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனசில் ஓட்டை இருக்கிறவனுக்குத்தான் நோய் வரும், நிறைந்த உடம்பில் மருந்துக்கு இடமில்லை என்பார். மேலத்தெரு முழுக்க அவர் பின்னால் போனது. ஊசி போடக் கூடாது, மாத்திரை தொடக் கூடாது. மீறினவருக்குக் கதவடைப்பு. சாயங்காலம் நாகலிங்கம், அவர்தான் ஐயாவுக்கு வலது கை, தெருமுனையில் நின்று வெண்கல மணி அடிப்பார். வீட்டுக்கு ஒருவர் நிலையில் வந்து நிற்பார்கள். தப்புச் செய்தவர் தெருவில் நடக்க வேண்டும், அவர் கடக்கக் கடக்க ஒவ்வொரு கதவாகச் சாத்த வேண்டும். டப், டப், டப் என்று அந்தச் சத்தம் தெருவோடு ஓடும். அதன் பிறகு அந்த ஆளோடு பேச்சில்லை, தண்ணியில்லை, சாவுக்கும் போகமாட்டார்கள்.

பல வருஷம் இப்படி நடத்திய ஐயாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. ஆளைக் காணோம் என்று தேடிப் போனால், மதுரையில் ஏசி போட்ட ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸோடு படுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "என்ன செய்ய, அப்படி ஆயிப்போச்சு" என்றாராம். அதோடு கூட்டம் கலைந்தது. மேலத்தெருவும் ஐயாவிடம் கற்ற கடைசிப் பாடமாக அதையே பிடித்துக்கொண்டது. யார் கேட்டாலும், என்னமோ அப்படி ஆயிப்போச்சு, ஏதோ நடந்துபோச்சு, அது ஒரு காலம் என்பார்கள். சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள், சர்ச்சுக்குப் போனார்கள், டிவி வாங்கினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தார்கள், கதவுகள் நினைக்கவில்லை.

அப்புறம் பழகிவிட்டது, மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான். ஆடுகள் ஒரு வீட்டில் நுழைந்து கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்குப் போய் மூன்றாவது வீட்டில் கஞ்சி குடித்தன. மீன் வாங்கினவர் வீட்டுக்குள் வாசனை பிடித்து நாலு பேர் வந்து சும்மா உட்கார்ந்தார்கள். புருசன் பெண்டாட்டி சண்டையைக் குசுகுசுவென்று போட வேண்டியிருந்ததால் சண்டையில் ருசி போய், பாதியில் சிரித்துவிட்டு எழுந்தார்கள். குளிக்கிற இடத்துக்குச் சேலை கட்டினார்கள், சேலைக்கு வெளியே ஒருவர் காவல் நின்று பாட்டுப் பாடினார். திருடன் ஒருவன் வந்தான். தெருவே திறந்து கிடந்ததைப் பார்த்து, இதில் என்ன வித்தை இருக்கிறது என்று மனம் விட்டுப்போய், கேட்டு வாங்கி ரெண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நாகலிங்கம் மட்டும் பழகவில்லை. அவர் வீடு தெருவின் கடைசி வீடு, கதவோ பர்மாத் தேக்கு, நெற்றியில் மாவிலை செதுக்கியது. ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "கழட்டி எடுத்துட்டுப் போயிரு மொக்கை, அது நிக்கிறதப் பாக்க முடியல" என்றார். என் ஆயுசில் பேரம் பேசாமல் கைக்கு வந்த சரக்கு அது ஒன்றுதான். வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு டவுனுக்கு ஓட்டினேன்.

டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தெய்வானை மெஸ்ஸில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு. தெய்வானை நாகலிங்கத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. புருசன் லாரி விபத்தில் போனதும் கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கவும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாத்திரையும் குழந்தையுமாகத் திரும்பி வந்தபோது மழை. தெருமுனையில் அண்ணனே மணி அடித்தார், மேலத்தெரு முழுவதும் சாத்தியது. கடைசியில் அவரே ஓடிப் போய்த் தன் வீட்டையும் சாத்தினார்.

இலை எடுக்க வெளியே வந்தவள் என் வண்டியைப் பார்த்தாள். கிட்டே போய் மாவிலையைத் தடவினாள்.

"இது எங்கண்ணன் வீட்டுக் கதவாச்சே. வீட்டையே இடிச்சிட்டாங்களாண்ணே?"

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரித்தாள். ஆடு கஞ்சி குடித்த இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், திருடனுக்குத் தோசை வார்த்த இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "கதவ எனக்குக் குடுங்க" என்றாள்.

நானும் லேசுப்பட்ட ஆளில்லை. ஆனால் அவள் சொன்ன விலையை விட்டு நகரவில்லை. நான் கோபித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன், தெருமுனை வரை போனேன், கூப்பிடுவாள் என்று மெதுவாகப் போனேன். கூப்பிடவில்லை. திரும்பி வந்து இறக்கினேன். கதவைப் படுக்கப் போட்டு, கீழே கால் அடித்து, மெஸ்ஸின் நடுவில் சாப்பாட்டு மேசையாக்கிவிட்டாள்.

"ஊருக்கு ஒருதடவ வந்துட்டுப் போம்மா" என்றேன். அடைபட்டவள் வந்தால் தெரு சரியாகும், தெரு சரியானால் என் வியாபாரமும் சரியாகும் என்று ஒரு கணக்கு.

"நான் ஏன் வரணும்? அங்கேயிருந்து இங்க பஸ்ஸு இருக்குல்ல?"

அதை மேலத்தெருவில் போய்ச் சொன்னேன். முதலில் வந்தவள் அன்னக்கொடி. ஆடுகளால் அதிகம் அடிபட்டவள் அவள்தான். என் வண்டியிலேயே கூட்டி வந்தேன். வழி நெடுக அவள் மருமகள் வீட்டு வாசலில் நின்று போனில் அவளோடு பேசிக்கொண்டே இருந்தாள். மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் தெய்வானை, "உக்காந்து சாப்பிடு. சாப்பிடாம பேச இது சத்திரம் இல்ல" என்று இலையைப் போட்டுத் தண்ணீர் வைத்தாள். அன்னக்கொடி சாம்பாரைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ஏதோ போதாத காலம் தாயி. கதவு சாத்திப்போச்சு."

"யாரு சாத்துனது, காத்தா?"

போனில் மருமகள் சத்தம் கேட்டது. "அத்தே, அங்க என்ன பேசுனீங்க? கதவு போயிச் சுவத்துல அடிச்சு காலண்டரு விழுந்துருச்சு."

அன்னக்கொடி ஒரு வாய் சாப்பிட்டாள். "எல்லாரும் சாத்தும்போது நான் ஒருத்தி மட்டும்…"

"எல்லாரு கதவையும் நீயா சாத்துன? உன் கதவச் சொல்லுக்கா."

அன்னக்கொடியின் கை இலையில் நின்றது. கண் மேசையின் மாவிலையில் விழுந்தது. அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பிள்ளைக்கு மாத்திரை குடுக்கணும், ஒரு டம்ளரு தண்ணி குடுன்னு கேட்ட. சொம்பு கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. நீ நனஞ்சுக்கிட்டு நின்ன. பிள்ள மூஞ்சியவும் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் சாத்துனேன். நான்தான் சாத்துனேன் தெய்வானை."

"அத்தே," என்றது போன், "கதவு சாத்திருச்சு. நான் வெளிய நிக்கிறேன். இப்ப எப்படி உள்ள போறது?"

"தள்ளுடி, தொறக்கும்" என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி அழுதாள். அழுது முடித்து, "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு தாயி" என்றாள்.

"அது இங்க போடுறதில்லக்கா. சோறு, சாம்பாரு, ரசம், மோரு, ஒரு கூட்டு, ஒரு பொரியல். ரசம் ஊத்தவா?"

சேதி தெருவுக்குப் போனது. மறுநாளிலிருந்து பஸ் நிறைய மேலத்தெரு. வழியெல்லாம் உதட்டுக்குள் நான் சாத்தினேன், நான் சாத்தினேன் என்று முணுமுணுத்துப் பழகியதில், எந்த மலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று கண்டக்டர் விசாரித்தார். பழகி வந்தாலும் அவள் முன்னால் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு தள்ளுபடி கேட்டார்கள். ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. சதாசிவம் எழுந்து நின்று தொண்டையைச் செருமி, "மேற்படி சம்பவம் குறித்து வருத்தம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்றார். "யாரால?" என்று கேட்டாள் தெய்வானை. அவர் "என்னால்" என்று சொல்ல ரெண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. டெய்லர் பரமன், "சாத்துனேன். ஆனா மெதுவாத்தான் சாத்துனேன்" என்றார். அவர் வீட்டுக் கதவு சாத்தியது, தாழ்ப்பாள் விழவில்லை. மறுபடியும் பஸ் ஏறி வந்து அந்த 'ஆனா'வை விட்டுவிட்டுச் சொன்ன பிறகு விழுந்தது. நானும் எத்தனையோ பேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்ட ஒரு வாக்கியத்தில் ஒரு எழுத்தைக்கூடக் குறைத்து வாங்காத ஆளை அங்கேதான் பார்த்தேன்.

தெய்வானை ஒருத்திதான் அடைபட்டவள் என்றில்லை, சில கதவுகள் வேறு ஆள் கணக்கிலும் நின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குத் தேடிப் போனார்கள், கேரளாவில் எஸ்டேட்டுக்குத் தேடிப் போனார்கள். ஒருவர் செத்தே போயிருந்தார். அவர் மகளிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். செத்தவர் கணக்கில் நின்ற கதவுகள் மட்டும் கடைசிவரை ஒரு விரல் சந்து விட்டுத்தான் சாத்தின. அந்தச் சந்தைத் துணி வைத்து அடைக்க யாரும் போகவில்லை.

தெருவின் பேச்சே மாறிப்போனது. பால் பொங்கிருச்சு என்று யாரும் சொல்வதில்லை, பால நான் பொங்க விட்டுட்டேன் என்றார்கள். டம்ளர் உடைந்தால் உடைத்தவர் கையைத் தூக்கினார். கறி கருகிப்போச்சு என்பது போய், கறிய நான் கருக்கிட்டேன், மன்னிக்கவெல்லாம் வேணாம், சாப்பிடுங்க என்றார்கள். இதில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மழைக்குக்கூட, பேஞ்சது நானில்ல என்று சொல்லிவிட்டுத்தான் குடை விரித்தார்கள்.

எல்லாக் கதவும் சாத்தியது. நாகலிங்கம் வீட்டு நிலை மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. அவர் பஸ் ஏறவேயில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் நேரே உள்ளே போய்விட்டேன், தட்டுவதற்கும் அங்கே ஒன்றுமில்லை.

"ஏன்யா, ஊரே போயிட்டு வந்துருச்சு. கூடப்பொறந்தவரு நீரு. உமக்கென்ன?"

"எனக்குக் கதவே இல்லையே மொக்கை. எதைச் சாத்தப் போறேன்?"

"கதவச் சாத்தத்தான் தங்கச்சிகிட்டப் போவீரா? அப்ப ஆசாரிகிட்டப் போயிருக்கலாமே."

எனக்குக் கோபம் ஏறி வேட்டியை மடித்துக் கட்டி இன்னும் நாலு கேள்வி கேட்டேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கதவு. சொல்லிட்டாங்க. என் மணிக்குத் தெருவே சாத்துச்சு. அதை எந்த வாயால சொல்ல?"

"சாத்துச்சா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மெஸ்ஸில் தெய்வானையின் மகள் கோதையும் இருந்தாள். அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த குழந்தை அவள்தான். இப்போது டவுன் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. வளர்ந்த பெண், காதில் மட்டும் ஒன்றுமில்லை, ஓட்டைகூட இல்லை. நாகலிங்கம் உள்ளே வந்து, மேசையைப் பார்த்து, அது தன் கதவென்று கண்டுகொண்டு, உட்காராமல் நின்றார். தெய்வானை இலை போட்டாள். அவர் உட்காரவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.

"மணி அடிச்சது நான். அன்னக்கொடி தயங்கி நின்னா. அவளப் பாத்து மறுபடியும் அடிச்சது நான். சதாசிவத்த, பரமன, தெருவுல ஒவ்வொருத்தரையும் சாத்த வச்சது நான். நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள முன்னால ஓடிப்போயி என் கதவச் சாத்துனேன். நீ தட்டுன. பிள்ள அழுதுச்சு. உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். தொறக்கல. ஐயா சொன்னாருன்னு சொல்ல வரல. நான்தான் செஞ்சேன்."

மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் மேசையைப் பார்த்தோம். மேசை ஒன்றும் செய்யவில்லை. அது மேசை. அதன் மேல் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதற்கு ஒரு சத்தமும் இல்லை, ஒரு தாழ்ப்பாளும் விழவில்லை. அது தெரிந்தே வந்து சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தெய்வானை கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் வாயிலிருந்து ரசம் ஊத்தவா என்பதுகூட வரவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லிட்டீங்க," என்றாள் கோதை. "தோள்ல நானும் இருந்தேன்ல?"

அவர் அவள் பக்கம் திரும்பி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஒன்றையும் விடவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி மாமா. அப்ப என் காதுக்கு என்ன பதில்?"

"காதுக்கா?"

"குத்தவே இல்ல. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும், வேற ஆளு மடி வேணாம்னு இந்த அம்மா இத்தன வருசமா என்னய மொட்டைக் காதோட விட்டுருக்கு. காலேஜுல என்னய எப்படிக் கூப்பிட்டாங்க தெரியுமா?"

"வாய மூடுடி" என்றாள் தெய்வானை. சொன்னவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் எல்லாம் ஒரேயடியாகக் கழுவுகிற சத்தம் கேட்டது. நாகலிங்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து வந்த குரல், "கோதை, உங்க மாமாவுக்கு ரசம் ஊத்து. ஆறிப்போச்சு. இல்ல, நான் ஆற விட்டுட்டேன். சுட வச்சுத் தர்றேன்" என்றது.

காது குத்து ஆவணியில், நாகலிங்கம் வீட்டில். கதவில்லாத வீடாகையால் அழைப்பிதழுக்கு அவசியமே இருக்கவில்லை, மேலத்தெருவும் கீழத்தெருவும் மேளம் வந்த வழியிலேயே உள்ளே வந்துவிட்டன. ஆடும் வந்தது. தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக வந்தது: பட்டுச் சேலை, பழம், கல்கண்டு, ரோஜா மாலை, நடுவில் சின்னத் தட்டில் ஒரு ஜோடி தங்கத் தோடு. குழந்தைக்குச் செய்கிற சடங்கை இருபது தாண்டிய பெண்ணுக்குச் செய்வது எப்படி என்று காது குத்த வந்த பத்தர் திகைத்தார். மொட்டை போடணுமா என்று ஒருவர் கேட்டார், கோதை பார்த்த பார்வையில் அவர் பந்திக்குப் போய்விட்டார்.

நாகலிங்கம் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோதை பட்டுச் சேலையோடும் மாலையோடும் வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள். அவர் முழங்கால் ரெண்டும் முறிகிற மாதிரிச் சத்தம் போட்டன, கூட்டம் சிரித்தது.

"மெதுவாடி, அண்ணன் தாங்கமாட்டாரு" என்றாள் தெய்வானை.

"தாங்கட்டும்" என்றாள் கோதை, இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பத்தர் காதில் சந்தனம் வைத்துக் குறி பார்த்தார். ஊசியை எடுத்தார். நாகலிங்கம் ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவர் பிடித்த பிடியில் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்துபோனது, பத்தர் ஊசியோடு காத்திருந்தார்.

"மாமா," என்றாள் கோதை, "குத்துறது எனக்கு. நீங்க ஏன் கண்ண மூடுறீங்க? தொறந்து பாருங்க."

அவர் திறந்து பார்த்தார்.